அப்பா நிற்கும்போது மட்டும் நெட்டில் விழும் பந்து

"அக்காவுக்கு வணக்கம். நான் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கிராமம். பிளஸ் டூ படிக்கிறேன். ஸ்கூல் டீமிலும் எங்க ஊர் கிளப்பிலும் வாலிபால் ஆடுகிறேன். என் சர்வீஸை நம்பித்தான் மாஷ் (எங்க கோச்) என்னை டீமில் வைத்திருக்கிறார். பிராக்டிஸில் 20 போட்டால் 16, 17 சரியாக விழும். திருச்சூர், கோழிக்கோடு என்று வெளியூர் போனாலும் அப்படித்தான். கூட்டம் எவ்வளவு கத்தினாலும் எனக்கு ஒன்றும் ஆகாது. எங்க ஊரில் மட்டும்தான் கை வர மாட்டேன் என்கிறது. மாரியம்மன் நோம்பிக்கு லைட் போட்டு மேட்ச் வைத்தார்கள். அப்பா அன்றைக்கு இளநீர் லோடை வேறொருவரிடம் விட்டுவிட்டுப் பார்க்க வந்தார். ஐந்து தடவை சர்வீஸுக்குப் போனேன். மூன்று நெட்டில், ஒன்று வெளியே. 'உள்ளே விழுந்தால் போதும், உள்ளே விழுந்தால் போதும்' என்று சொல்லிக்கொண்டேதான் அடித்தேன். அப்பா திட்டவே இல்லை. வீட்டுக்கு வந்து, 'சாப்பிட்டயா கண்ணு' என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. தை மாசம் அதே கிரவுண்டில் இன்னொரு மேட்ச். காலேஜ் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு ஆள் பார்க்க வருவார்களாம். அப்பாவை வர வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா? எனக்குத் தைரியம் போதாதா அக்கா?"

அன்புள்ள அம்மிணி,

உன் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தைரியம் போதாத பிள்ளைக்குக் கோழிக்கோட்டில்தான் முதலில் கை நடுங்கியிருக்கும். தெரியாத ஊர், தெரியாத கோர்ட், எதிர் டீமுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிற ஜனம். அங்கே உன் பந்து ஒழுங்காக உள்ளே விழுகிறது. உன்னைத் தூக்கி வளர்த்தவர்கள் கைதட்டக் காத்திருக்கிற இடத்தில்தான் விழ மாட்டேன் என்கிறது. இதைப் பயம் என்று நீ எடுத்துக்கொண்டால் தப்பான மருந்தைச் சாப்பிடப் போகிறாய். அதனால்தான் சற்று நீளமாகவே எழுதுகிறேன். உன்னைப் போல நம் எல்லைப் பக்கத்துக் கிரவுண்டுகளில் ஆடுகிற மற்றப் பிள்ளைகளும், அவர்களுடைய மாஷ்மாரும் படிக்கட்டும்.

ஆட்கள் பார்த்தால் ஆட்டம் மாறும் என்பதை ஆராயத் தொடங்கி 120 வருஷத்துக்கு மேல் ஆகிறது. 1898-ல் அமெரிக்காவில் நார்மன் டிரிப்லெட் என்பவர், தனியாகச் சைக்கிள் ஓட்டுகிறவரைவிடக் கூட ஆள் ஓட்டும்போது வேகம் கூடுகிறது என்று பந்தயக் கணக்குகளில் கண்டார். பிறகு 40 பிள்ளைகளிடம் தூண்டில் நூல் சுற்றுகிற ராட்டையைக் கொடுத்துச் சுற்றச் சொன்னார். பக்கத்தில் இன்னொரு பிள்ளை சுற்றும்போது பாதிப் பேருக்கு வேகம் கூடியது. கால்வாசிப் பேருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. மிச்சம் பத்துப் பிள்ளைகள் பதற்றத்தில் கை விறைத்து, தனியாகச் சுற்றியதைவிட மெதுவாகிப் போனார்கள். இந்தச் சோதனையைச் சொல்கிறவர்கள் வேகம் கூடியவர்களைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆட்டத்தில் கை வரவில்லை என்று என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்கள் எல்லாம் அந்தப் பத்துப் பேர் மாதிரிதான்.

பிறகு 1965-ல் ராபர்ட் ஸாயன்ஸ் என்ற உளவியலாளர் ஒரு விளக்கம் சொன்னார். யாராவது பார்த்தால் உடம்பு முறுக்கேறும். அந்த முறுக்கு நமக்குக் கைவந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்ய வைக்கும். கைவராத வேலையை இன்னும் கெடுக்கும். 1982-ல் ஒரு கல்லூரியின் பில்லியர்ட்ஸ் அறையில் இதைப் பார்த்தார்கள். நன்றாக ஆடுகிறவர்களுக்கு 100-க்கு 71 அடி விழுந்துகொண்டிருந்தது. நாலு பேர் பக்கத்தில் வந்து நின்று வேடிக்கை பார்த்ததும் அது 80 ஆனது. சுமாராக ஆடுகிறவர்களுக்கு 36 ஆக இருந்தது 25-க்கு இறங்கியது.

இந்தக் கணக்குப்படி பார்த்தால் 20-க்கு 17 போடுகிற உனக்கு ஊர்க் கூட்டம் லாபமாகத்தான் இருக்க வேண்டும். வெளியூரில் அப்படித்தான் இருக்கிறது. ஊரில் ஏன் தலைகீழாகிறது?

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாலக்காடு மெர்சி காலேஜில் படித்த எம்.டி. வல்சம்மாவைக் கேள்விப்பட்டிருப்பாய். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில், சொந்த நாட்டு ஜனத்துக்கு நடுவே, 400 மீட்டர் தடை ஓட்டத்தை 58.47 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். ஓட்டம் உடம்பின் முழுப் பலத்தையும் கேட்கிற வேலை. முறுக்கு ஏற ஏறக் கால் கூட வரும். உன் சர்வீஸ் அந்த ஜாதி கிடையாது. 9 மீட்டர் தள்ளி நின்று, 2.24 மீட்டர் உயர நெட்டுக்கு ஒரு சாணோ ஒன்றரைச் சாணோ மேலாகப் பந்தை அனுப்பி, எதிர்க் கோர்ட்டில் நீ நினைத்த மூலையில் இறக்க வேண்டும். பலம் கொஞ்சம் கூடினாலும் வெளியே, கொஞ்சம் குறைந்தாலும் நெட். உன் கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன். ஸ்மாஷைப் பற்றியோ பிளாக்கைப் பற்றியோ ஒரு குறையும் நீ சொல்லவில்லை. ஊர்க் கூட்டத்துக்கு முன்னால் அவை உனக்கு நன்றாகவே வந்திருக்கும் என்று நினைக்கிறேன். குறை முழுவதும் சர்வீஸில் இருக்கிறது.

சர்வீஸை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ரிசீவ் பண்ணும்போது பந்து உன்னை நோக்கி வருகிறது; யோசிக்க நேரம் இல்லை, கை தானாக நீளும். ஸ்மாஷில், கூட ஆடுகிறவள் தூக்கிக் கொடுக்கிற லிஃப்ட் வந்துவிட்டால் கால் கிளம்பிவிடும். ஆட்டம் முழுக்க நீ ஆறு பேரில் ஒருத்தி. சர்வீஸில் மட்டும் கோட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கிறாய். பந்து உன் இடது கையில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. விசில் ஊதினால் 8 விநாடி உன்னுடையது. ஊரே அந்த 8 விநாடி உன்னை மட்டும் பார்க்கிறது. நீ என்ன செய்கிறாய்? கண் ஒரு தடவை கம்பத்தடிக்குப் போகிறது. அங்கே அப்பா, துண்டைத் தோளில் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். 'இன்னைக்கு லோடுக்குப் போகாம வந்திருக்கார்' என்று ஒரு நினைப்பு. 'உள்ளே விழுந்தால் போதும்' என்று இன்னொன்று. வழக்கமாக எவ்வளவு தூக்கிப் போடுவாயோ அதில் ஒரு சாண் குறைத்துப் பந்தைத் தூக்குகிறாய். கை பந்தை உதறி அடிக்காமல் தள்ளிவிடுகிறது. சுழலாமல் மிதந்து போகிற ஃப்ளோட்டர் சர்வீஸைத் தள்ளினால் அது எங்கே போகும் என்று உனக்கே தெரியும். நெட்டின் மேல் பட்டியில் தட்டி உன் பக்கமே விழும்.

நீ எழுதிய அந்த 'உள்ளே விழுந்தால் போதும்' என்கிற வாக்கியத்தில்தான் நோயின் பெயர் இருக்கிறது. 1998-ல் ஜெனிஃபர் பட்லர், ராய் பாமைஸ்டர் என்ற இருவர் ஒரு விசித்திரமான விஷயத்தைக் கண்டார்கள். கஷ்டமான வேலையைச் செய்கிறவருக்கு முன்னால், அவர் ஜெயிக்க வேண்டும் என்று விரும்புகிற ஆட்களை உட்கார வைத்தால், அவர் ஜாக்கிரதையாகி விடுகிறார். மெதுவாகச் செய்கிறார். ஆனால் மெதுவாகச் செய்ததால் தப்பு குறைவதும் இல்லை. இதில் மனசைத் தைக்கிற இடம் எது தெரியுமா? தங்களுக்கு வேண்டியவர்கள் பார்க்கும்போதுதான் நன்றாகச் செய்ததாக அவர்கள் நினைத்தார்கள்; அதுதான் நிம்மதியாக இருந்தது என்றும் சொன்னார்கள். கணக்கு வேறு சொன்னது. ஜெர்மனியின் புண்டஸ்லிகா கால்பந்தில் பல பத்தாண்டுப் பெனால்டிகளை ஒருவர் எண்ணிப் பார்த்தார். பந்தைக் கோலுக்குள்ளேயே அனுப்பாமல் வெளியே அடித்துத் தொலைத்தவர்கள், சொந்த ஊர் மைதானத்தில் ஆடியவர்களில்தான் அதிகம். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே இந்தக் கதி என்றால், பதினேழு வயசுப் பிள்ளை நீ உன்னை நொந்துகொள்ள ஒன்றும் இல்லை.

'சொந்த ஊரில் ஆடுவது லாபம்' என்று சொல்கிறார்களே என்று நீ கேட்கலாம். மொத்தமாகப் பார்த்தால் லாபம்தான். ஆனால் அந்த லாபத்தில் ஒரு பங்கு நடுவரின் விசில் வழியாக வருகிறது. 2002-ல் வந்த ஓர் ஆய்வில், கால்பந்து ஆட்டத்தின் வீடியோவைக் கூட்டத்தின் சத்தத்தோடு பார்த்த நடுவர்கள், சத்தமில்லாமல் பார்த்தவர்களைவிட 15.5 சதவீதம் குறைவாக உள்ளூர் டீமின் மேல் ஃபவுல் சொன்னார்கள். ஊர் கத்தினால் நடுவர் மனசு கொஞ்சம் சாயும். நெட் சாயாது. அதனால்தான் சர்வீஸுக்கு ஊர்க்கூட்டம் உதவுவதில்லை.

இன்னொரு விஷயத்தையும் கவனி. கோழிக்கோட்டில் கூட்டம் கத்துவது உனக்குச் சத்தம். நம் ஊரில் கத்துவது உன் பேர். மலையாளம் உனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்தக் கூச்சலில் உனக்கென்று எதுவும் இல்லை. இங்கே, "அம்மிணி, விடாதே!" என்று கூப்பிடுகிறது உன் பெரியம்மா குரல் என்றும், பின்னால் விசில் அடிக்கிறது பக்கத்து வீட்டுப் பையன் என்றும் கண்ணை மூடிக்கொண்டே சொல்வாய். ஒரு காதில் ஒன்றை மும்முரமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள், மறு காதில் விழுகிற எதையும் கவனிப்பதில்லை. சொந்தப் பேர் விழுந்தால் மட்டும் சிலர் பிடித்துக்கொள்கிறார்கள் என்று 1959-லேயே நெவில் மோரே காட்டினார். நாம் எவ்வளவு கதவைச் சாத்தினாலும் நம் பேர் உள்ளே வந்துவிடும். அதைத் தடுக்கப் பார்ப்பது வீண். அது வந்தாலும் கை வேலையைப் பார்க்கப் பழக்க வேண்டும். நாம் செய்யக்கூடியது அதுதான்.

கைக்கு வேலை தெரியுமா என்று உனக்குச் சந்தேகம் வந்திருக்கலாம். ஒன்று கேட்கிறேன். மார்கழியில் கணவாய்க் காற்று கிழக்கே இருந்து எப்படி அடிக்கும் என்று நமக்குத் தெரியும். தென்னை மட்டை எல்லாம் ஒரே பக்கம் வாரி விட்ட மாதிரி நிற்கும். அந்தக் காற்றில் மேற்கே பார்த்து சர்வீஸ் போட்டால் எவ்வளவு குறைத்து அடிக்க வேண்டும், பக்கம் மாறினால் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று யார் உனக்குக் கணக்குச் சொல்லித் தந்தார்கள்? மாஷ் தந்திருக்க மாட்டார். அதைச் சொல்லித்தர யாராலும் முடியாது. ஆயிரம் பந்து அடித்து உன் தோளும் மணிக்கட்டும் தாமாகப் படித்தவை அவை. திருச்சூரில் உள்ளரங்கில் காற்றே இல்லாமல் ஆடும்போது அதே கை தானாக அளவை மாற்றிக்கொள்கிறது. இவ்வளவு படித்த கைக்கு நம் கிரவுண்டில் நீ என்ன செய்கிறாய் என்றால், மேற்பார்வைக்கு ஆள் போடுகிறாய். முழங்கை எங்கே இருக்கிறது, பந்து நேராகத் தூக்கினோமா, மணிக்கட்டு மடங்கிவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறாய். அப்பா கண்ணால் நீயே உன்னைப் பார்க்கிறாய். மாடிப்படி இறங்கும்போது எந்தக் காலை எங்கே வைக்கிறோம் என்று யோசித்துப் பார். மூன்றாவது படியில் தடுமாறுவாய்.

2001-ல் சையன் பைலாக், தாமஸ் கார் என்ற இருவர் இதற்கு ஒரு வழியையும் காட்டினார்கள். கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தள்ளப் பலருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்குச் சாதாரணப் பயிற்சி. இன்னொரு கூட்டத்துக்கு, கவனத்தைக் கலைக்க வேறொரு வேலையும் கொடுத்துப் பயிற்சி. மூன்றாவது கூட்டத்துக்கு முன்னால் கேமராவை வைத்து, 'இதை எல்லாம் கோல்ஃப் ஆசிரியர்களும் கோச்சுகளும் பார்ப்பார்கள்' என்று சொல்லிப் பயிற்சி. கடைசியில் எல்லோருக்கும் நெருக்கடி கொடுத்தபோது முதல் இரண்டு கூட்டமும் தடுமாறியது. கேமராவுக்கு முன்னால் பழகியவர்கள் தடுமாறவில்லை. என் அனுபவமும் இதேதான். பார்வை இல்லாத இடத்தில் எத்தனை ஆயிரம் சர்வீஸ் போட்டாலும், பார்க்கப்படும்போது சர்வீஸ் போட அது பழக்காது. அது தனிப் பாடம்.

இப்போது அப்பா விஷயத்துக்கு வருகிறேன். வர வேண்டாம் என்று சொல்லாதே.

நானும் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம்தான். ஸ்கூலில் உயரம் தாண்டுவேன். என் அப்புச்சி, அம்மாவைப் பெற்றவர், ஒரு நாள் குடையை இடுக்கிக்கொண்டு பார்க்க வந்தார். தினமும் தாண்டுகிற உயரம்தான். அன்றைக்கு மூன்று தடவையும் கம்பியைத் தட்டிவிட்டேன். திரும்பி வரும் வழியில், "நீங்க வந்தாத்தான் எனக்கு இப்படி ஆகுது, இனிமேல் வராதீங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் "சரி கண்ணு" என்றார். அதற்குப் பிறகு வரவில்லை. அடுத்த இரண்டு வருஷம் என் தாண்டல் நன்றாக ஆகியிருக்க வேண்டும் அல்லவா? ஆகவில்லை. ஒவ்வொரு தடவை ஓட்டம் எடுப்பதற்கு முன்னும், அவர் அன்றைக்கு நின்ற இடத்தைக் கண் தேடும். காலியாக இருக்கிற இடமும் என்னைப் பார்த்தது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு பஸ் ஸ்டாப் டீக்கடைக்காரர் ஒரு நாள் சொன்னார். போட்டி நடக்கிற நாளெல்லாம் சாயங்காலம் வந்து உட்கார்ந்திருப்பாராம். எங்களுக்கு முன்னால் திரும்புகிற பிள்ளைகளை நிறுத்தி, "எத்தனை தாண்டுச்சு?" என்று கேட்டுவிட்டு, நான் பஸ்ஸில் இருந்து இறங்குவதற்குள் வீட்டுக்குப் போய்விடுவாராம். ஆடுகிற பிள்ளைகளுக்கு யோசனை சொல்கிற இந்த வேலைக்கு நான் வந்ததற்கு அந்த டீக்கடை ஒரு காரணம்.

அதனால் உன் அப்பாவை வரச் சொல். மேட்ச்சுக்கு மட்டும் வந்தால் அவர் வருவது ஒரு விசேஷம் ஆகிவிடுகிறது. நோம்பிக்கு நோம்பி வருகிற பார்வைதான் பாரமாக இருக்கும். பிராக்டிஸுக்கு வரச் சொல். லோடு இறக்கிவிட்டு வருகிற வழியில் அரை மணி நேரம் போதும். அதே கம்பத்தடியில் நிற்கட்டும். ஒன்றும் சொல்ல வேண்டாம், கைதட்டவும் வேண்டாம். முதல் இரண்டு நாள் உன் சர்வீஸ் கெடும். நிச்சயம் கெடும், அதற்குத் தயாராக இரு. நாலாவது ஐந்தாவது நாள் அவர் அங்கே நிற்பது, தென்னை மரம் நிற்கிற மாதிரி ஆகிவிடும்.

அவரிடம் காரணத்தையும் சொல்லிவிடு. "அப்பா, நீங்க பார்த்தா எனக்கு ஆசை அதிகமாயிடுது, அதான் கை இழுக்குது, பழகிக்கறேன், வாங்க" என்று சொன்னால் அவருக்குப் புரியும். அவர் கேட்ட 'சாப்பிட்டயா கண்ணு'வை நீ தண்டனையாக எடுத்துக்கொண்டிருக்கிறாய். மேட்ச் தோற்று வந்த பிள்ளையிடம் கேட்பதற்கு இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது. 'ஏன் நெட்டில் போட்டாய்' என்று கேட்கிற அப்பாக்களோடுதான் நான் மணிக்கணக்காகப் பேச வேண்டியிருக்கிறது.

அப்பா வருவதற்கு முன்னால் இரண்டு வாரம் நீ தனியாகச் செய்ய வேண்டியது உண்டு. உன் சர்வீஸுக்கு ஒரு முறையை வகுத்துக்கொள். எங்கே ஆடினாலும், யார் பார்த்தாலும் அதே முறை. விசிலுக்கு முன்பே எந்த மூலைக்கு என்று முடிவு பண்ணிவிடு. காற்றையும் அப்போதே பார்த்துக்கொள். கோட்டுக்குப் பின்னால் போய்ப் பந்தை இரண்டு தடவை தட்டு. விசில் வந்ததும் மூச்சை நீளமாக வெளியே விடு. அந்த மூலையைப் பார், மனசுக்குள் 'அங்கே' என்று ஒரு சொல் சொல்லு, அடி. முழங்கை, மணிக்கட்டு என்று உன் உடம்பைப் பற்றிய சொல் எதுவும் அதில் வரக்கூடாது. பந்து போகிற இடத்தை நினைத்து அடிக்கிறவர்களுக்கு, தன் கையை நினைத்து அடிக்கிறவர்களைவிட நன்றாக வருகிறது என்று கேப்ரியேல வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவர் வழியில் வந்தவர்களும் பல விளையாட்டுகளில் காட்டியிருக்கிறார்கள். அவசரமும் வேண்டாம். பெனால்டி ஷூட் அவுட்டில் விசில் ஊதிய மறு நொடியே ஓடிப்போய் உதைத்தவர்கள்தான் அதிகமாகக் கோட்டைவிட்டிருக்கிறார்கள். 8 விநாடியில் நாலைந்தை எடுத்துக்கொள். உனக்கு உரிமையான நேரம் அது.

இந்த முறை பழகியதும் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. முதலில் போனை ஏதாவது ஒரு கல்லில் சாய்த்து வைத்து வீடியோ எடு; அன்றைக்கே டீம் வாட்ஸ்அப்பில் போட்டுவிடு, தப்பையும் வெட்டாமல். அப்புறம் உன் டீம் பிள்ளைகளில் மூன்று நாலு பேரை அப்பா நிற்கிற கம்பத்தடியில் நிறுத்தி, ஊரில் உன்னைக் கூப்பிடுகிற அதே பேரில், அதே தமிழில் கூப்பிடச் சொல். பெரியம்மா குரலில் ஒருத்தி கூப்பிட்டால் இன்னும் நல்லது. அடுத்ததாக ஒரு பந்தயம் வை: கடைசி இரண்டு சர்வீஸில் ஒன்று தப்பினாலும் டீமே ஒரு ரவுண்டு ஓட வேண்டும். இந்த ஒன்றை மாஷைக் கேட்டுச் செய். சில டீம்களில் இது சண்டையாகிவிடும், பிள்ளைகளின் குணம் அவருக்குத்தான் தெரியும். அப்பா வருவது இதற்குப் பிறகு.

நெஞ்சு படபடப்பு நிற்குமா என்று அடுத்துக் கேட்பாய். நிற்காது, நிறுத்தவும் வேண்டாம். 2014-ல் அலிசன் வுட் ப்ரூக்ஸ் செய்த சோதனைகளில், பாடுவதற்கும் மேடையில் பேசுவதற்கும் முன்னால் 'நான் நிதானமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். கோழிக்கோட்டிலும் உன் நெஞ்சு இதே வேகத்தில்தான் அடித்திருக்கும். அங்கே அதற்கு நீ பேர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

உன் மாஷுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் பிள்ளைக்கு ஊரில் சர்வீஸ் வரவில்லை என்று, அவள் முறை வரும்போது ஆளை மாற்றிவிடாதீர்கள் மாஷே. தை மாச மேட்ச்சுக்கு முன்னால் ஒரு சின்ன மேட்ச்சாவது அதே கிரவுண்டில், லைட் போட்டு வையுங்கள். எதிர் டீம் பெரியதாக இருக்க வேண்டியதில்லை. ஊர் வந்து நின்றால் போதும். அன்றைக்கு அவள் தப்பாகப் போட்டாலும் டைம் அவுட்டில் கையை எப்படி வைக்க வேண்டும் என்று பாடம் எடுக்க வேண்டாம். "எந்த மூலைக்கு?" என்று மட்டும் கேளுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பார்வையாளர்களைப் பற்றிய 241 ஆய்வுகளை 1983-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, ஆள் இருப்பதால் வருகிற வித்தியாசம் மொத்தத்தில் சின்னதுதான் என்று தெரிந்தது. அப்படியானால் ஐந்தில் நாலு தப்பியதற்குக் கூட்டம் மட்டும் காரணமாக இருக்காது. முதல் சர்வீஸ் நெட்டில் விழுந்தது கூட்டத்தால் இருக்கலாம். இரண்டாவது, முதலாவது விழுந்ததால். மூன்றாவது, இரண்டும் விழுந்ததால். லைட்டும் ஒரு காரணம். மூங்கில் கம்பில் தாழ்வாகக் கட்டிய லைட்டுக்கு எதிரே பந்தைத் தூக்கினால் ஒரு நொடி கண் கூசும், பிராக்டிஸ் நீங்கள் பகலில்தானே செய்கிறீர்கள்? எந்தப் பக்கம் நின்று போட்டவை தப்பின என்று நினைவிருந்தால் எழுது. ஒரே பக்கம் என்றால், பாதிப் பாரம் உன் மேலிருந்து இறங்கி லைட்டின் மேல் ஏறிவிடும்.

மேட்ச்சுக்கு நாலு நாள் முன்பே தூக்கம் போய்விடுகிறது, சோறு இறங்கவில்லை, வாந்தி வருகிறது, ஆட்டம் இல்லாத நாளிலும் மனசு கனத்தே கிடக்கிறது என்றால் அது இந்தக் கடிதத்தோடு முடிகிற விஷயம் இல்லை. 14416 டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடு. காசு இல்லை, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். நீ எழுதியதைப் பார்த்தால் அந்த அளவுக்கு இருப்பதாகத் தெரியவில்லை, இருந்தாலும் கேட்டுவைக்கிறேன்.

ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டுக்கொள். 'யாரும் பார்க்காதபோது' என்று ஒன்று, 'பார்க்கும்போது' என்று ஒன்று. தினமும் இரண்டிலும் 20 சர்வீஸ் போட்டு, எத்தனை விழுந்தது என்று எழுது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதையும் பக்கத்தில் குறி. அப்பா வந்த நாளுக்கு மட்டும் ஒரு வட்டம் போடு. மூன்று வாரம் கழித்து அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. முதல் வட்டத்தில் 8 என்று இருந்தால் பயப்படாதே. நான் பார்க்கப் போவது கடைசி வட்டத்தை.

அன்புடன்,
உன் அக்கா